இரண்டு டர்போவைக் கழற்றிவிட்டு ஒன்றை மாட்டுகிறார்களே, ஏன்? - மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கதை

‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ முதல் படத்தில் வின் டீசல் ஓட்டும் சிவப்பு கார் ஞாபகம் இருக்கிறதா? ‘டோக்கியோ ட்ரிஃப்ட்’ படத்தில் ஹான் ஓட்டும் ஆரஞ்சு-கறுப்பு கார்? பாடி கிட்டில் ஆள் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தாலும் இரண்டும் ஒரே கார்தான். மாஸ்டா ஆர்எக்ஸ்-7, மூன்றாம் தலைமுறை. ‘இனிஷியல் டி’ அனிமே பார்த்தவர்களுக்கு இதே காரை மஞ்சள் நிறத்தில் தெரிந்திருக்கும். ரசிகர்கள் இதன் சேஸி கோடை வைத்துச் செல்லமாக ‘எஃப்டி’ என்பார்கள். 1991 முதல் 2002 வரை ஜப்பானில் தயாரானது.

இந்தக் காரின் பெருமையே பானெட்டுக்குள் இருந்த இரண்டு டர்போக்கள்தான். ஒன்று முதலில் வேலைக்கு வரும், மற்றொன்று பிறகு கை கொடுக்கும். 1990-களின் தொடக்கத்தில் உலகத்தில் சில கார்களில் மட்டுமே இருந்த டெக்னாலஜி இது. ஆனால் இன்று எஃப்டி உரிமையாளர்கள் கூடும் எந்த இடத்துக்குப் போய் பானெட்டைத் திறக்கச் சொன்னாலும், அந்த இரட்டையர் இல்லாத கார்கள் கண்ணில் படும். இரண்டையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு பெரிய டர்போவை மாட்டியிருப்பார்கள். அதுவும் சும்மா இல்லை, கணிசமான பணம் செலவழித்து!

கம்பெனி பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு செய்ததை ஏன் கழற்ற வேண்டும்? பவருக்காக என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் எஃப்டியைப் பொறுத்தவரை அது பாதி பதில்தான்.

முதலில், இரண்டு டர்போ எதற்கு?

டர்போ என்பது ஒரே தண்டில் மாட்டிய இரண்டு சக்கரங்கள். இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே வேகத்தில் சுற்றும் மறுமுனைச் சக்கரம், வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம், பவர் ஏறும். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும் சமாச்சாரம் இது.

சிக்கல் என்னவென்றால், அந்த வேகத்தை எட்ட நேரம் பிடிக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததற்கும் இழுவை வருவதற்கும் நடுவே ஒரு தயக்கம் இருக்குமே, அதுதான் டர்போ லேக். இன்று நம்மூரில் விற்கும் 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார்களிலும் டிராஃபிக்கில் ஊர்ந்துவிட்டு சட்டென்று மிதித்தால் லேசாக இதை உணரலாம்.

டர்போ பெரிதாகப் பெரிதாக இந்தத் தயக்கம் மோசமாகும். இதில் ஒரு சுவாரஸ்யமான கணக்கு உண்டு. ஒரு சக்கரத்தின் விட்டத்தை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால், அதைச் சுழல வைக்க எதிராக நிற்கும் நிலைமம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். அதாவது 20 சதவிகிதம் பெரிய சக்கரம் என்றால் நிலைமம் சுமார் 2.5 மடங்கு. கொஞ்சம்தானே பெருசு என்று நினைத்து மாட்டினால், மிதித்த பிறகு ஒரு கொட்டாவி விட்டு முடிக்கலாம்.

சின்ன டர்போ போட்டால் சீக்கிரம் சுழலும். ஆனால் இன்ஜின் வேகம் ஏறும்போது அதற்கு மூச்சு முட்டும். பெரிசு போட்டால் மேலே அள்ளிக் கொட்டும், கீழே தூங்கும். இரண்டு சின்ன டர்போக்களை வைத்து, முதலில் ஒன்றை மட்டும் ஓட்டி, தேவைப்படும்போது இரண்டாவதைச் சேர்த்துவிட்டால்? இதுதான் ‘சீக்வென்ஷியல்’ ட்வின் டர்போ. 1986-ல் போர்ஷே 959 இதைச் சாலைக்குக் கொண்டுவந்தது. மாஸ்டா 1990-ல் தன்னுடைய யூனோஸ் காஸ்மோவில் பொருத்தியது, அடுத்து எஃப்டி.

4,500 ஆர்பிஎம்மில் நடக்கும் கைமாற்றம்

எஃப்டியில் இருப்பது ஹிட்டாச்சியின் டர்போக்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. சுமார் 4,500 ஆர்பிஎம் வரை எல்லாப் புகையும் முதல் டர்போவுக்கே போகும். அதனால் 3,000 ஆர்பிஎம்முக்குள்ளேயே நல்ல இழுவை கிடைத்துவிடும். 4,500-ல் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும்.

சொல்வதற்கு ஒரு வரிதான். செய்வதற்கு என்னென்ன வேண்டும் என்று பாருங்கள்.

சும்மா நிற்கும் ஒரு டர்போவுக்குத் திடீரென்று புகையைத் திறந்துவிட்டால் அது வேகம் பிடிக்கும்வரை கார் திணறும். அதனால் முன்கூட்டியே ஒரு சின்ன வால்வைத் திறந்து, கொஞ்சம் புகையை அனுப்பி, இரண்டாவது டர்போவை ‘வார்ம்-அப்’ செய்ய வேண்டும். அப்படிச் சுழலும்போது அது அழுத்தும் காற்று எங்கே போகும்? இன்னும் இன்ஜினுக்குத் தேவையில்லை. அதை வெளியேற்ற இன்னொரு வால்வு. முதல் டர்போ அழுத்திய காற்று இரண்டாவது வழியாகப் பின்னோக்கி ஓடிவிடாமல் தடுக்க மற்றொரு வால்வு. 4,500 வந்ததும் புகைப் பாதையின் பெரிய கதவு திறக்க வேண்டும், வெளியேற்றும் வால்வு மூட வேண்டும், தடுப்பு வால்வு திறக்க வேண்டும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில், சரியான வரிசையில்.

இப்போதென்றால் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு சின்ன எலெக்ட்ரிக் மோட்டார் வைத்து முடித்துவிடுவார்கள். அன்று இந்தக் கதவுகளை அசைத்தது காற்றழுத்தமும் வேக்கமும்தான். ஈசியூ கட்டளை போட, சோலனாய்டு வால்வுகள் திறந்து மூட, மெல்லிய ரப்பர் ஹோஸ்கள் வழியாக அழுத்தம் பயணித்து அந்தக் கதவுகளைத் தள்ளும் அல்லது இழுக்கும். அழுத்தத்தைச் சேமிக்க ஒரு குட்டி டேங்க், வேக்கத்தைச் சேமிக்க இன்னொரு டேங்க், நடுநடுவே ஒருவழி வால்வுகள். இத்தனையும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கை நுழையாத இடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். டஜன் கணக்கில் ஹோஸ்கள். இதற்கு ரசிகர்கள் வைத்த பெயர் ‘எலிக்கூடு’. படத்தைப் பார்த்தால் பெயர்க் காரணம் கேட்க மாட்டீர்கள்.

புதுக் காரில் இது அழகாகவே வேலை செய்தது. முதல் டர்போ சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுக்கும், கைமாறும்போது 8-க்கு இறங்கும், மறுபடி 10-க்கு ஏறும். எஃப்டிகாரர்கள் ‘10-8-10’ என்று இதை மந்திரம் மாதிரி சொல்வார்கள். மீட்டரில் இந்த மூன்று எண்ணும் வந்தால் கார் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

முப்பது வருஷத்துக்குப் பிறகு

ரப்பருக்குப் பகை சூடு. ரோட்டரி இன்ஜினோ சூட்டின் மொத்த வியாபாரி.

சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். ரோட்டரியில் முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று, இடுப்பு சிறுத்த முட்டை போன்ற அறைக்குள் சுற்றிச் சுற்றி வரும். எஃப்டியில் தலா 654 சிசி கொண்ட இரண்டு ரோட்டர்கள், மொத்தம் 1,308 சிசி. இவ்வளவு சின்ன இன்ஜினிலிருந்து தொடக்கத்தில் 255 பிஎஸ், 1999-ல் 280 பிஎஸ் எடுத்தது மாஸ்டா. ரோட்டரியில் புகையை வெளியேவிட மெதுவாகத் திறக்கும் வால்வு எதுவும் கிடையாது. ரோட்டரின் முனை ஓட்டையைக் கடந்ததும் புகை அப்படியே சீறிக்கொண்டு வெளியேறும். டர்போவைச் சுழற்ற இது அற்புதமான சக்தி. ஆனால் அந்தப் புகை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும், பானெட்டுக்குள் எல்லாம் வெந்து போகும்.

ஆக, வருஷங்கள் ஓட ஓட அந்த ஹோஸ்கள் கல் மாதிரி இறுகி, முனையில் வெடித்து, தொட்டால் பிஸ்கட் போல நொறுங்கும். குளிர்விப்பானில் காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் டேங்க்கூட இதே சூட்டில் விரிசல் விடும். சோலனாய்டுகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆரம்பிக்கும் தலைவலி. 4,500-க்குக் கீழே இழுக்கும், மேலே போனால் செத்துவிடும். அல்லது நேர்மாறாக, கீழே ஒன்றுமே இருக்காது, மேலே போனதும் முதுகில் குத்தும். எங்கேயோ ஓர் ஹோஸ் விலகியிருக்கிறது. எந்த ஹோஸ்? அதைக் கண்டுபிடிக்க மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். கழற்றும்போதே பக்கத்திலிருக்கும் இன்னும் இரண்டு ஹோஸ் நொறுங்கும்.

கார் இழுக்கவில்லை என்பது எரிச்சல், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய ஆபத்து, அழுத்தம் கட்டுப்பாட்டை மீறி ஏறுவது.

ரோட்டரின் மூன்று முனைகளிலும் ‘அபெக்ஸ் சீல்’ என்ற மெல்லிய பட்டைகள் இருக்கும். பிஸ்டன் ரிங் செய்யும் வேலையை இங்கே இவை செய்கின்றன. டர்போ அழுத்தம் திடீரென எகிறி, அதற்கேற்ற பெட்ரோல் வராமல் போனால், கலவை தானாகவே வெடித்து அறைக்குள் சுத்தியலால் அடித்தது போல ஓர் அதிர்ச்சி பாயும். நாக்கிங் என்கிறோமே, அதேதான். பிஸ்டன் இன்ஜின்கள் இதைக் கொஞ்ச நேரம் தாங்கும். அபெக்ஸ் சீலுக்கு ஒன்றிரண்டு அடி போதும், உடைந்துவிடும். உடைந்த துண்டு புகையோடு வெளியேறி டர்போவின் சக்கரத்தையும் பதம் பார்த்துவிட்டுப் போகும். பிறகு இன்ஜினை இறக்கி முழுசாகப் பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பல எஃப்டி இன்ஜின்களைக் காவு வாங்கியது இதுதான். புதிதாகக் கார் வாங்கியவர் முதலில் செய்யும் ‘மாடிஃபிகேஷன்’ எது? சைலன்சரை மாற்றுவார், கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுப்பார். புகை தங்குதடையில்லாமல் போகும், சத்தமும் செமையாக இருக்கும். ஆனால் கூடுதல் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவு எஃப்டியில் சின்னது. புகைப் பாதை முழுவதும் திறந்துவிட்டால் அந்தக் கதவால் சமாளிக்க முடியாது. அழுத்தம் 10 என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருக்கும்போதே 12, 13, 14 என்று தானாக ஊர்ந்து ஏறும். கம்பெனி ஈசியூ இதற்குத் தயாராக இல்லை. பார்க்க ஒரு சைலன்சர் மாற்றம், விளைவில் இன்ஜின் மாற்றம்.

நடுவில் ஒரு சிக்கன வழி

எலிக்கூட்டிலிருந்து தப்பிக்க எல்லோரும் நேராகப் புது டர்போவுக்குப் போவதில்லை. “ரெண்டையும் சேர்த்தே ஓட விட்டுட்டா என்ன?” என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. இரண்டாவது டர்போவின் கதவை நிரந்தரமாகத் திறந்து வைத்துவிட்டு, கைமாற்றத்துக்கான சோலனாய்டுகளையும் ஹோஸ்களையும் எடுத்துவிடுவது. இரண்டு டர்போவும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாகச் சுழலும். நாலைந்து ஹோஸ்களோடு விஷயம் முடிந்துவிடும்.

குறை என்ன? ஒரு டர்போவைச் சுழற்றிய புகை இப்போது இரண்டுக்குப் பங்கு போகிறது. 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே கார் சோம்பலாகிவிடும். பெரிய டர்போவின் தயக்கம் வந்துவிட்டது, பெரிய டர்போவின் பவர் வரவில்லை. பட்ஜெட் இடிக்கிறவர்களுக்கு இது ஒரு தற்காலிக ஏற்பாடு, அதற்கு மேல் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஒரே டர்போ: எது போகும், எது வரும்?

முழு சிங்கிள் டர்போ மாற்றம் என்றால், முதலில் போவது இரண்டு டர்போக்களும் அவற்றைத் தாங்கிய கனமான இரும்பு மேனிஃபோல்டும். அவற்றோடு சோலனாய்டு அடுக்கு, அழுத்த டேங்க், வேக்கம் டேங்க், ஹோஸ்கள் எல்லாம் மொத்தமாக வெளியேறும். மேஜையில் பரப்பி வைத்தால், இத்தனையும் இந்தச் சின்ன இடத்திலா இருந்தது என்று தோன்றும்.

வருவது: புது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஒரு டர்போ, தனியாக ஒரு பெரிய வேஸ்ட்கேட், டவுன்பைப், டர்போவுக்கு ஆயில் போய் வரவும் தண்ணீர் போய் வரவும் குழாய்கள், இன்டர்கூலருக்குப் புதுப் பைப்புகள். வேக்கம் ஹோஸ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏதாவது பிரச்சினை என்றால் பானெட்டைத் திறந்து நின்றபடியே பார்த்துவிடலாம். எஃப்டிகாரர்கள் உண்மையில் வாங்குவது இந்த நிம்மதியைத்தான்.

எந்த அளவு டர்போ என்பதில்தான் ஆசைக்கும் அறிவுக்கும் சண்டை. “போடறதுதான் போடறோம், பெருசாவே போட்டுடலாம்” என்ற குரல் எல்லா கராஜிலும் கேட்கும். 1990-களில் அப்படிப் போட்டவர்களின் கார்கள் 4,500 ஆர்பிஎம் வரை வெறும் 1.3 லிட்டர் கார்களாக ஓடின. எந்த இடத்தில் மாஸ்டா இரண்டாவது டர்போவைச் சேர்த்ததோ, அந்த இடத்தில்தான் இவர்களுக்கு முதல் டர்போவே விழித்துக்கொண்டது!

இப்போது நிலைமை அப்படியில்லை. சக்கரங்கள் எடை குறைந்துவிட்டன. தண்டு பால் பேரிங்கில் சுழல்கிறது. போர்க்வார்னரின் இஎஃப்ஆர் வரிசை டர்போக்களில் புகைப்பக்கச் சக்கரத்தையே டைட்டானியம் அலுமினைடு என்ற லேசான உலோகக் கலவையில் செய்கிறார்கள். மேலே பார்த்த ஐந்தாம் அடுக்குக் கணக்கில், எடையைக் குறைத்தால் என்ன லாபம் என்று புரியும்.

இன்னொரு முன்னேற்றம் ‘ட்வின்-ஸ்க்ரோல்’. பெயரில் ட்வின் இருந்தாலும் டர்போ ஒன்றுதான். உள்ளே புகை நுழையும் பாதையை மட்டும் நடுவே சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருப்பார்கள். எஃப்டியில் இரண்டு ரோட்டர்களும் மாறி மாறிப் புகை விடுகின்றன. ஒன்று வெளியேற்றும் துடிப்பு அடுத்ததன் பாதையில் புகுந்து குழப்பாமல், தனித்தனியாகச் சக்கரம்வரை போய் அடிக்கும். இரண்டு ரோட்டர், இரண்டு பாதை. இந்த இன்ஜினுக்காகவே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்துகிறது. நிதானமான அளவில் ஒரு நவீன ட்வின்-ஸ்க்ரோல் டர்போவைப் போட்டால் 3,500 ஆர்பிஎம்மை ஒட்டியே நல்ல அழுத்தம் வந்துவிடுகிறது. பழைய இரட்டையரின் கீழ்வேக இழுவைக்கு இது ஈடாகாது. ஆனால் 4,500-ல் வரும் அந்தச் சறுக்கலும் இல்லை, ஒரே சீராக ஏறும்.

டர்போவை மாட்டியதும் வேலை முடிந்ததா?

அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டர்போ காற்றைத்தான் கொடுக்கும். பெட்ரோலை யார் கொடுப்பது?

ஒரு சின்னக் கணக்கு. எஃப்டியில் நான்கு இன்ஜெக்டர்கள். இரண்டு நிமிடத்துக்கு தலா 550 சிசி, மற்ற இரண்டு தலா 850 சிசி பெட்ரோல் பாய்ச்சும். மொத்தம் 2,800 சிசி, அதாவது 2.8 லிட்டர். இப்போது உரிமையாளருக்கு 400 பிஎச்பி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டர்போ ரோட்டரி ஒரு பிஎச்பிக்கு மணிக்கு சுமார் 0.3 கிலோ பெட்ரோல் குடிக்கும். 400 பிஎச்பிக்கு 120 கிலோ, ஏறக்குறைய 162 லிட்டர். நிமிடத்துக்கு 2.7 லிட்டர். இருப்பது 2.8 லிட்டர்தானே, போதுமே என்று தோன்றும். போதாது. இன்ஜெக்டர்களை அவற்றின் திறனில் 80-85 சதவிகிதத்துக்கு மேல் ஓட்டுவது ஆபத்து. 96 சதவிகிதத்தில் ஓட்டினால், கொஞ்சம் குளிர்ந்த இரவில் காற்று அடர்த்தியாகும்போது கலவையில் பெட்ரோல் குறையும். அபெக்ஸ் சீலுக்கு அந்த ஒரு நொடி போதும்.

ஆகவே பெரிய இன்ஜெக்டர், பெரிய ஃப்யூயல் பம்ப். அடுத்து ஈசியூ. எஃப்டியில் எவ்வளவு காற்று வருகிறது என்று நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. மேனிஃபோல்டு அழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்த்து, ‘இவ்வளவு அழுத்தம் என்றால் இவ்வளவு காற்று’ என்று முன்பே எழுதி வைத்த அட்டவணையிலிருந்து ஈசியூ கணக்குப் போடும். அந்த அட்டவணை பழைய இரட்டை டர்போவுக்காக எழுதியது. புது டர்போ அதே அழுத்தத்தில் வேறு அளவு காற்றைத் தள்ளும். அட்டவணை பொய்யாகிவிடும். அதனால் நாமே டியூன் செய்யக்கூடிய ஈசியூ கட்டாயம். அப்பெக்ஸியின் பவர் எஃப்சி 1990-களிலிருந்தே இதற்குப் பிரபலம், இன்று ஹால்டெக் போன்ற தனி ஈசியூக்கள் வந்துவிட்டன. டைனோவில் நிறுத்தி, ரோட்டரி தெரிந்த டியூனர் ஒருவர் உட்கார்ந்து அட்டவணையைப் புதிதாக எழுத வேண்டும். பிஸ்டன் இன்ஜின்களில் கெட்டிக்காரராக இருப்பவர் இதில் தடுமாறுவது சகஜம். அங்கே கொஞ்சம் நாக்கிங் கேட்டால் இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்யலாம். இங்கே அது காதில் விழும்போது பெரும்பாலும் இன்ஜின் முடிந்திருக்கும்.

ரேடியேட்டர், ஆயில் கூலர், இன்டர்கூலர் என்று பட்டியல் நீளும். டர்போவின் விலையை மட்டும் பார்த்துவிட்டு இறங்குபவர்கள் பாதியில் நிற்பது இதனால்தான். பாதி முடித்த சிங்கிள் டர்போ எஃப்டி, நல்ல நிலையில் இருக்கும் பழைய இரட்டை டர்போ எஃப்டியைவிடப் பல மடங்கு ஆபத்தானது. பவர் குறைவான எளிய அமைப்பாக வைத்துக்கொண்டு, 300-350 பிஎச்பியோடு நிறுத்திக்கொள்பவர்களின் இன்ஜின்கள் நிம்மதியாக ஓடுகின்றன. ஆனால் அந்தக் கட்டுப்பாடு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

மற்ற கார்களில் என்ன நடந்தது?

எஃப்டியின் சமகாலப் போட்டியாளரான டொயோட்டா சுப்ராவிலும் இதே சீக்வென்ஷியல் முறைதான். 3 லிட்டர், ஆறு சிலிண்டர், பெயர் 2ஜேஇசட்-ஜிடிஇ. அதன் உரிமையாளர்களும் சிங்கிள் டர்போவுக்கு மாறினார்கள், ஆனால் காரணம் வேறு. அந்த இன்ஜினின் இரும்பு பிளாக் கம்பெனி கொடுத்த பவரைப் போல இரண்டு மடங்கை அனாயாசமாகத் தாங்கும். டர்போக்கள்தான் தாங்காது. ஜப்பான் உள்நாட்டு மாடல்களில் புகைப்பக்கச் சக்கரம் செராமிக்கில் செய்யப்பட்டது, அழுத்தத்தைக் கூட்டினால் உடையும். சுப்ராகாரர் பலத்துக்காக மாறினார், எஃப்டிகாரர் பயத்தினால் மாறினார் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்பத் தப்பில்லை.

சுபாரு லெகஸி கதை இன்னும் வேடிக்கை. 1993-ல் சீக்வென்ஷியல் ட்வின் டர்போவோடு வந்தது. ஒரு டர்போவிலிருந்து இரண்டுக்கு மாறும் இடத்தில் இழுவை பொத்தென்று விழும். அந்த இடத்துக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் ‘மரணப் பள்ளத்தாக்கு’. 2003-ல் அடுத்த தலைமுறை லெகஸி வந்தபோது சுபாருவே ஒற்றை ட்வின்-ஸ்க்ரோல் டர்போவுக்கு மாறிவிட்டது.

பிஎம்டபிள்யூவும் அப்படியே. 2006-ல் வந்த அதன் 3 லிட்டர் என்54 இன்ஜினில் இரண்டு டர்போக்கள், இவை ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து ஓடும் வகை. 2009-ல் அதற்குப் பதில் வந்த என்55-ல் ஒரே ட்வின்-ஸ்க்ரோல் டர்போ. ஆனாலும் இன்ஜின் மூடியில் ‘ட்வின்பவர் டர்போ’ என்றே எழுதியிருந்தார்கள். இரண்டு டர்போ இருக்கிறது என்று நினைத்து வாங்கியவர்கள் எத்தனை பேரோ! அந்த வரிசையில் அடுத்து வந்த பி58 இன்ஜின்தான் 2019-ல் மறுபிறவி எடுத்த சுப்ராவுக்குள் போனது. ஆக, ட்வின் டர்போவால் புகழ்பெற்ற பெயர், கம்பெனியிலிருந்தே ஒற்றை டர்போவோடு திரும்பி வந்தது.

சரி, இழப்பு என்ன?

முதல் இழப்பு ஊருக்குள் ஓட்டும் சுகம். சிக்னலில் கிளம்பும்போதும் மலைப்பாதையில் குறுகிய வளைவிலிருந்து வெளியேறும்போதும் அந்த முதல் டர்போ கொடுத்த உடனடி இழுவை போய்விடும். எல்லா ஹோஸையும் சிலிகானில் மாற்றி, சோலனாய்டுகளைச் சோதித்து, 10-8-10 சரியாக வரும் எஃப்டியை ஒருமுறை ஓட்டியவர்கள் மாற்றத் தயங்குவார்கள். பொறுமையும் ஒரு நல்ல மெக்கானிக்கும் இருந்தால் பழைய அமைப்பையே உயிர்ப்பிக்கலாம். புதுக்காருக்கு இணையாக வேலை செய்யும்.

இரண்டாவது, சட்டம். சிங்கிள் டர்போ போடும்போது கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் சேர்த்தே தூக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் சாலையில் ஓடும் காரின் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவது கூட்டாட்சிச் சட்டப்படியே குற்றம். கலிஃபோர்னியாவில் கெடுபிடி இன்னும் அதிகம். அங்கே புகைச் சோதனையில் குழாய்முனையை மட்டும் பார்த்துவிட்டு விடமாட்டார்கள், பானெட்டைத் திறந்து எந்தெந்தப் பாகம் இருக்கிறது, இல்லை என்று கண்ணால் சரிபார்ப்பார்கள். மாநில அமைப்பின் அனுமதி எண் இல்லாத டர்போ கிட் கண்ணில் பட்டால் கார் தேறாது. ஜப்பானில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ‘ஷாகென்’ சோதனை. புகையும் சத்தமும் வரம்புக்குள் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, விலை. எஃப்டி பழைய காராக இருந்த காலம் போய் சேகரிப்பாளர்கள் தேடும் காராகிவிட்டது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்களுக்குத் தனி மவுசு. பத்து வருஷத்துக்கு முன் குப்பை என்று தூக்கிப்போட்ட மேனிஃபோல்டையும் சோலனாய்டு அடுக்கையும் இன்று இணையத்தில் தேடி அலைகிறார்கள். எஃப்டிக்கான சில பாகங்களை மாஸ்டாவே மறுபடி தயாரிக்கத் தொடங்கியிருக்கிறது என்றாலும் எல்லாம் கிடைத்துவிடாது.

அதனால், இப்போது மாற்றுபவர்களில் விவரமானவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். பழைய ஹோஸ் ஒவ்வொன்றிலும் எங்கிருந்து எங்கே போனது என்று டேக் கட்டி, படம் எடுத்து, இரண்டு டர்போக்களையும் துடைத்து ஆயில் தடவி, எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு கராஜ் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். காரை விற்கும் நாள் வந்தால், அந்தப் பெட்டியும் சேர்ந்துதான் போகும்.